பாலைவனத்திலும் குளிரும், அண்ணே

புக்கிட் செலம்பாவ் தோட்டம்,
ஐப்பசி மாதம், 1943.

அன்பு மகன் குழந்தைவேலுவுக்கு, அம்மா மருதம்மாள் சொல்லச் சொல்லத் தங்கச்சி குணவதி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் மூச்சோடு இருக்கிறோம், அங்கே நீ கைகால் சுகத்தோடு இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். அரிசி கண்ணில் படுவதில்லை, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான், மழை பிடித்துக்கொண்டதால் ரப்பர் பால்வெட்டும் இல்லை. லாரி ஓட்டும் அன்சார், ஜப்பான்காரர்கள் பிடித்துப்போனவர்களை வைத்திருக்கும் அலோர் ஸ்டார் கொட்டகையில் உன்னைப் பார்த்ததாகச் சொன்னான். அடுத்த ரயிலில் உங்களைச் சீனாவுக்கு வடக்கே ஏதோ பாலைவனத்தில் தண்டவாளம் போடக் கொண்டுபோவதாக அங்கே பேச்சாம். கேட்டதும் உன் கம்பளியைக் கொடுத்தனுப்ப மடித்து வைத்தேன். கங்காணி அய்யாவு பார்த்துவிட்டு, "அட மருதம்மா, பாலைவனம்னா அடுப்பு மாதிரி கொதிக்கும்லா, ஒம் மவன் கம்பளியப் போத்திக்கிட்டு அவியப்போறானா?" என்றார். லயத்து வீட்டுச் சனமெல்லாம் சிரித்தது. அதுவும் சரிதான் என்று அதைத் திகாம் பத்து ஊர்க் கடையில் கொடுத்துப் பத்துக் கொய்னா மாத்திரை வாங்கி மூட்டையில் வைத்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சாப்பிடு. வெயிலில் தலைத்துண்டு இல்லாமல் நிற்காதே.

அண்ணே, இதுவரை அம்மா சொன்னது. கைநாட்டு வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். இனிமேல் எழுதுவது அவருக்குத் தெரியாது, விளக்கைச் சட்டியால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன், நாய் குரைத்தாலும் கை நின்றுவிடுகிறது. அய்யாவு சொன்னது தப்பு. ஜப்பான்காரர்கள் இங்கிலீஷ் புத்தகங்களை ஒப்படைக்கச் சொன்னபோது என் பூகோளப் புத்தகத்தை மட்டும் விறகுக்கு அடியில் ஒளித்துவிட்டேன். அதில் பார்த்தேன், சீனாவுக்கு வடக்கே இருப்பது கோபி. வேறு பாலைவனங்கள் கடக ரேகையை ஒட்டிக் கிடக்கின்றன, மேலிருந்து வறண்ட காற்று இறங்குவதால் மேகம் கூடாது, சூரியன் ஏறக்குறைய உச்சியில் நின்று காய்கிறது, அவைதான் கொதிப்பவை. கோபி வெகு வடக்கே, உயர்ந்த மேட்டில், கடலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஜெராய் மலையில் மேகம் மோதி அந்தப் பக்கமே பெய்து தீர்வதைப் பார்த்திருக்கிறீர்களே, அப்படித்தான் தெற்கிலிருந்து போகும் மழைக்காற்றை இமயமலை மறித்துவிடுகிறது. மழை போகாததால் அது பாலைவனம், வெயிலால் அல்ல. வடக்கிலிருந்து வரும் பனிக்காற்றை மறிக்க அங்கே எந்த மலையும் போதாது. மார்கழியில் தண்ணீர் கல்லாக உறையும் என்று போட்டிருக்கிறது.

லயமே சிரித்தபோது இது எனக்குத் தெரியும். இப்படிப் புத்தகம் ஒளித்த பரஞ்சோதி வாத்தியாரைக் கூட்டிப்போனவர்கள் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. உனக்கு யார் சொன்னது என்று அய்யாவு கேட்டுவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் அம்மா கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்ததையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

விடிந்ததும் மூட்டையை வாங்கிப்போக அன்சார் அண்ணன் வருவார். நான் படுக்கும் கோணியை மூட்டைக்குச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். ரயில் ஏறுவதற்குள் இன்னொரு சாக்கு தேடுங்கள், இரண்டுக்கும் நடுவில் காய்ந்த லாலாங் புல்லைத் திணித்துத் தையுங்கள். மேகம் இல்லாத ராத்திரிதான் அதிகம் குளிரும், அன்றைக்குத் தனியாகப் படுக்காதீர்கள். அந்தப் பேச்சு பொய்யாகப் போகட்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

மாரியாத்தா உங்களைக் காப்பாளாக. படித்ததும் தாளைக் கிழித்து மென்று விழுங்கிவிடுங்கள், மறக்க வேண்டாம். குளிரில் உடம்பு நடுங்கும்போது அம்மாவை நொந்துகொள்ளாதீர்கள் அண்ணே. அவர் தெரியாமல் கொடுத்தார். நான் தெரிந்தே நின்றேன்.

உங்கள் தங்கச்சி,
குணவதி