அடுக்களைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே ஜாக்கெட்

நவம்பர் 18, 2003

மழை விட்டு நல்ல வெயில். நான் பனியனோடு விசிறிக்கொண்டிருக்கிறேன். ஸௌம்யா இரண்டு போர்வைக்குள் நடுங்குகிறாள். போன முறை சென்னையில் கீமோ மருந்து ஏற்றியதிலிருந்து இந்தக் குளிர் அவளை விடவில்லை. ரத்தம் குறைந்திருக்கிறது, கதகதப்பாக ஏதாவது போடுங்கள் என்றார் டாக்டர். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே.

நவம்பர் 20

பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் கதிர்வேலிடம் சொன்னேன். நெசவுக் குடும்பத்துக்காரர். "இன்னா சார், ஊரு பூரா துணி வித்துக்கினு இருக்கோம், ஒரு ஸ்வெட்டர் கெடைக்கலன்றீங்களே!" என்று சிரித்தார். என் மனைவிக்கு என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

மாலையில் காந்தி ரோடு முழுக்க ஏறி இறங்கினேன். எல்லாம் பட்டுப் புடவைக் கடைகள்; எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: "கல்யாணம் யாருக்கு சார்?"

நவம்பர் 23

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதையில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் கிடைத்தது. ஸௌம்யா போட்ட சற்று நேரத்தில் அவள் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. மருந்தில் தோல் உரிந்திருக்கிறதே, அது எனக்குத் தோன்ற வேண்டாமா? மடையன்.

ஆனால் கம்பளிதான் வேண்டும் என்கிறாள். எங்கள் வீட்டில் வெளியே போட்டுக்கொண்டு போன துணியோடு அடுக்களைக்குள் நுழையக் கூடாது. பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் விலக்கு. அம்மாவின் சட்டம். அடுக்களைக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று இரண்டு குளிர் ஜாக்கெட் வாங்க வசதி இல்லை.

"ஏன்னா, மார்கழி வரதே. பெருமாளுக்குப் பொங்கல் என் கையால பண்ணணும். கூடாரவல்லிக்கு அக்காரவடிசில் கிளறணும். அது வரைக்கும் நிக்க முடிஞ்சாப் போறும்" என்றாள்.

அது வரைக்கும் என்றால்? அதற்கப்புறம்?

நவம்பர் 29

தி. நகரில், ஏற்றுமதியில் மிஞ்சிய துணி விற்கும் ஒரு எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடை. தடிமனான ஜாக்கெட் ஒன்று, மழைக்குக் கூடத் தாங்குமாம். விலையைப் பார்த்துத் திருப்பி மாட்டினேன். அடுத்தது தலை வழியாகப் போடுவது; ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையை அவளால் தூக்க முடியாது. கடைசியில் ஜிப் வைத்த சாம்பல் நிறம். ஃப்ளீஸ் என்று பெயராம். கன்றுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்று இருக்கிறது, கனமே இல்லை. "வெளியிலயும் போடலாம், வூட்லயும் போடலாம். தோச்சா ஒடனே காஞ்சிடும்" என்றான் கடைக்காரன். கட்டுப்படியாகிற விலை. வாங்கிவிட்டேன்.

பஸ்ஸில்தான் லேபிளைப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு பாலியெஸ்டர்.

நவம்பர் 30

ஸௌம்யா தடவிப் பார்த்துவிட்டு, "கம்பளியான்னா?" என்றாள். அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். ஜாக்கெட்டை வாங்கிப் புரட்டினாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு லேபிளைப் படித்தாள்.

"கம்பளிதான். இப்போல்லாம் இப்படித்தான் நைஸா வரது. போட்டுண்டு உள்ள வாடி."

ஸௌம்யாவுக்கும் இங்கிலீஷ் தெரியும். அவள் லேபிளைப் பார்க்கவே இல்லை.

சந்தோஷப்பட வேண்டியவன் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். ஈரக்கால் சுவட்டுக்குக் கூட இவளிடம் சண்டை பிடித்தவள் அம்மா. அவளே இறங்கி வந்துவிட்டாள் என்றால் — அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

டிசம்பர் 17

மார்கழி முதல் நாள். ஜாக்கெட்டுக்கு மேல் மடிசார்த் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பொங்கல் பண்ணினாள். ஸ்டூலில் உட்கார்ந்துதான். உப்பு கொஞ்சம் தூக்கல். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 24

ஸௌம்யா குழம்புக்குத் தாளிக்கும்போது கடுகு வெடித்து, கொதிக்கிற எண்ணெய் கையில் தெறித்தது. ஜாக்கெட்டில் பொத்தல். வீடெல்லாம் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். கம்பளி இப்படியா நாறும்? மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாற்றம் அமுங்க அம்மா பெருங்காயத்தை இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டாள்.

ஜனவரி 3, 2004

இனிமேல் அலைய வேண்டாம் என்றார் டாக்டர். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஜனவரி 8

அடுக்களைக்கு நடக்க முடியவில்லை. ஜாக்கெட்டுக்கு மேல் போர்வை, அதற்கு மேல் என் வேட்டி. அப்படியும் குளிர்கிறதாம். ஒரு மனுஷிக்குச் சூடு உண்டாக்க முடியலியே என்னால. எதுக்கு இருக்கேன்?

ஜனவரி 12

மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லி. அம்மா குளித்து, பூஜை முடியும் வரை யாரையும் தொடக் கூடாத மடிப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அடுப்பைப் பற்றவைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நேரே ஸௌம்யாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவளை வாரித் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மா, மடியா இருக்கேளே... என்னைத் தொட்டுட்டேளே" என்றாள் ஸௌம்யா. குரல் எழும்பவில்லை.

"பேசாம தூங்கு."

"பெருமாளுக்கு நாழியாறதே அம்மா" என்றேன் நான்.

"காத்துண்டிருக்கட்டும்டா."

உச்சி வேளை தாண்டிவிட்டது. தூங்குகிற ஸௌம்யா விழித்துவிடக் கூடாதென்று அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பெருமாள் அலமாரிக் கதவை இன்னும் யாரும் திறக்கவில்லை.