கோப்பி கேட்டபோது

அப்பா,

நேற்று மாலை பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபோது என் கையிலிருந்து நாய் ஷாம்பூ வாசனை அடித்தது. பக்கத்தில் நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். உங்களுக்கு அந்த வாசனை பிடிக்கும்.

பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, புக்கிட் பாத்தோக்கில் நாய் குளிப்பாட்டும் கடையில் சேர்ந்தேன். சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக வருவீர்கள். உங்களுக்கு நாய் என்றால் பயம். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நிற்பீர்கள். ஒருநாள் மழை உங்களை உள்ளே தள்ளியது. கோப்பி என்ற பழுப்பு நாய் உங்களிடம் வந்தது. அதன் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனீர்கள். அது குனிந்து விலகியது.

"மேலேர்ந்து கை வந்தா அதுக்குப் பயம்ப்பா. கீழ உக்காருங்க. நெஞ்சுல மெதுவா சொறிங்க. கொஞ்ச நேரம் கழிச்சு கைய எடுத்துடுங்க."

"எடுத்துட்டு?"

"சும்மா இருங்க. வேணும்னா அதுவே கேக்கும்."

"உங்கம்மாகூட என்னை இவ்ளோ வேலை வாங்கினதில்ல லா," என்றபடி உட்கார்ந்தீர்கள். சொறிந்தீர்கள். கையை எடுத்தீர்கள். கோப்பி மூக்கை உங்கள் உள்ளங்கைக்கு அடியில் நுழைத்துத் தூக்கியது.

"கேக்குது! பாப்பா, கேக்குது லா!"

கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் குளியல் தொட்டிக்குள் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பிறகு பார்ப்பவரிடமெல்லாம் சொன்னீர்கள், என் பொண்ணுக்கு நாய் பாஷை தெரியும் என்று.

கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது, வாய்க்குள் குழாய் இருந்ததால் உங்களால் பேச முடியவில்லை. தேக்காவிலிருந்து அத்தை, பிள்ளைகளோடு வந்திருந்தார். நான் உங்கள் முன்கையை வருடிக்கொண்டிருந்தேன்.

"பாருங்கடா, நாயத் தடவுற மாதிரியே அப்பாவையும் தடவுறா!"

அத்தையின் கேலிதான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை எடுத்துப் போர்வைமேல் வைத்தேன்.

சற்று நேரத்தில் உங்கள் விரல்கள் நகர்ந்து வந்தன. என் கைக்கு அடியில் நுழைந்து மெல்லத் தூக்கின. அது என்னவென்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

விடிவதற்குள் போய்விட்டீர்கள்.

அத்தைமேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. அந்த விரல்களை நினைக்கும்போதெல்லாம் தனியாக இருந்தால்கூடத் தலை குனிந்துவிடுகிறது.

இன்று கோப்பி வந்திருந்தது. துவட்டி முடித்து, நெஞ்சைச் சொறிந்து, கையை எடுத்தேன். மூக்கால் தூக்கியது. கண்ணாடிக்கு வெளியே, என்னோடு படித்தவர்கள் சீருடையில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி என்னைக் காட்டி ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். முகம் சுட்டது. கோப்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். போதும் என்று அதுவே எழுந்து போகும்வரை கையை எடுக்கவில்லை, அப்பா.