இரண்டு நிட், இரண்டு பர்ல்

மார்ச் 3, செவ்வாய்

சட்டைப் பொத்தானைப் போட்டுவிட இன்றும் அவள்தான் வந்தாள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை என்றேன். சிரிக்கவில்லை.

டாக்டர் பெரிய சேதியைச் சின்னக் குரலில் சொன்னார். கட்டி கரைந்துவிட்டது, இனி மருந்து ஏற்ற வேண்டாம். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். நான் கையை நீட்டிக் காட்டினேன். விரல் நுனியெல்லாம் செத்துக் கிடக்கிறதே, இது? அது அந்த மருந்தின் வேலை, சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது என்றார். முடி வெட்டிப் பிழைக்கிறவனிடம் சொல்கிற பதிலா இது? தலையில் மயிரும் இல்லை, கையில் உணர்ச்சியும் இல்லை. நல்ல சலூன்காரன்!

மார்ச் 6, வெள்ளி

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். கை டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். ரப்பர் பந்து தருவாள் என்று போனால், தடியான இரண்டு மர ஊசியும் மஞ்சள் கம்பளி நூல் உருண்டை ஒன்றும் தந்தாள்.

"ஸ்வெட்டர் பின்றதாம்மா வைத்தியம்?"

"விரல் ஒவ்வொண்ணும் தனித்தனியா வேலை செய்யணும்ணே. கத்தரி பிடிச்ச கை, சீக்கிரம் கத்துக்கும்."

இருபது கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, அவளே ஊசியில் ஏற்றித் தந்தாள். வலது ஊசியைக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் விடு, நூலைச் சுற்று, சுற்றியதை உள்ளே இழுத்து இந்தப் பக்கம் எடு, பழைய கண்ணியை நழுவவிடு. இதற்குப் பெயர் நிட். எல்லா வரிசையும் நிட்டாகவே போட்டால் வரப்பு வரப்பாக வரும். முதல் பாடம் இதுதானாம்.

மூன்று வரிசை போட்டுவிட்டு எண்ணினேன். இருபது பதினாறாகியிருந்தது. நான்கும் எப்போது நழுவின? விரல் சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

மச்சான் வந்தான். அவளுடைய தம்பி, பஸ் ஓட்டுகிறவன். நான் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். "மாமா, எத்தனையாவது மாசம்?" என்றான். அவள் கரண்டியை ஓங்கினாள். மூன்று பேரும் சிரித்தோம். போகும்போது கடைச் சாவியைக் கேட்டான், கூட்டிப் பெருக்கி வைக்கிறானாம். கொடுத்தேன். நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பர்ல் படித்தாயிற்று. நிட்டுக்குத் தலைகீழ். நூல் முன்னால் இருக்க வேண்டும், ஊசி பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் முடிச்சு முடிச்சாக. கடையில் தொங்குகிற ஸ்வெட்டர் மாதிரியே வந்தது. ஆனால் மேசையில் வைத்தால் ஓரம் சுருண்டுகொள்கிறது. பிரித்தேன். மறுபடி போட்டேன். மறுபடி சுருண்டது. ஊசியைத் தூக்கி எறிந்தேன். அவள் பொறுக்கி வந்து பக்கத்தில் வைத்தாள்.

இன்று கை டாக்டர் சாவகாசமாகச் சொல்கிறாள்: "அது உங்க தப்பு இல்லண்ணே. அந்தப் பின்னலோட குணமே சுருள்றதுதான்."

முன்னாடியே சொன்னால் என்னவாம்? ஊசி போட்டு மருந்து ஏற்றினார்களே, அப்போதும் விரலைப் பற்றி எவனும் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

இரண்டு நிட், இரண்டு பர்ல். அடுத்த வரிசையில் நிட்டுக்கு மேல் நிட், பர்லுக்கு மேல் பர்ல். நெட்டு நெட்டாக வரி விழுகிறது. இழுத்தால் விரிந்து, விட்டால் கூடிக்கொள்கிறது. கழுத்துப் பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் இதுதான்.

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதியே ஆக வேண்டும். கை டாக்டர் என் கண்ணைக் கட்டி, இந்தத் துணியை விரலடியில் வைத்தாள். "மேடா, பள்ளமா?" மேடு என்றேன். சரி. பள்ளம். சரி. மேடு. சரி. துணைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரியின் வளையல் சத்தம் கேட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள் போல. மறுபடி பள்ளம். அதுவும் சரி.

அத்தனையும் குருட்டாம்போக்கில் சொன்னது. அதற்கப்புறம் கேட்டதெல்லாம் தப்பு. கண்கட்டை அவிழ்த்தபோது மூலையில் இருந்தவள் முகத்தைப் பார்க்காமல் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

ஒன்றுமில்லை.

மே 5, செவ்வாய்

புதுப் பின்னல். ஒரு நிட், ஒரு பர்ல். அடுத்த வரிசையில் நிட்டுக்கு மேல் பர்ல், பர்லுக்கு மேல் நிட். சுருளவே இல்லை, தட்டையாகப் படுத்திருக்கிறது. மணி மணியாக — சவரம் செய்து இரண்டு நாளான கன்னம் மாதிரி. எந்தப் பக்கம் வளர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் கத்தியை வைப்பேன். தடவினேன். கண்ணாடியைத் தடவுகிற மாதிரி இருந்தது.

இப்போது ஒரு கண்ணிகூட நழுவுவதில்லை. எல்லாம் கண் பார்க்கிற வேலை. இந்தப் பேனாவையும் விரலைப் பார்த்துப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறேன்.

மே 23, சனி

மச்சான்தான் கடையைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "என் மூஞ்சியில போட்டுப் பாருங்க மாமா" என்றான். வேணாம்டா என்றேன். கேட்கவில்லை. அவள் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

இடது கன்னம் ஒழுங்காக வந்தது. தாடைக்குக் கீழே வந்தேன். நுரை சிவப்பானது. கத்தி இறங்கினது எனக்குத் தெரியலையே! எவ்வளவு அழுத்தினேன்னே தெரியலை. கண்ணு பார்த்தப்புறம்தான் கைய எடுத்தேன். இன்னும் கொஞ்சம் போயிருந்தா? கழுத்துடா அது, கழுத்து!

"கொசு கடிச்ச மாதிரிதான் மாமா" என்று அவன் துண்டை அழுத்திக்கொண்டு சிரிக்கிறான். துண்டு நனைந்துகொண்டே இருக்கிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. கத்தியைக் கழுவி டப்பாவில் போட்டு மூடினாள்.

ஜூன் 11, வியாழன்

கை டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதான்னு நினைக்கிறேன்ணே. பின்றத மட்டும் விட்டுடாதீங்க, விரல் விறைச்சுப் போகாம இருக்கும்." ஊசியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள்: "கடைய மூட வேணாம். ஆள் போடலாம். நீங்க உக்காந்தா போதும்."

"உக்காந்து?"

ஜூலை 20, திங்கள்

புதுப் பையன் வந்து ஒரு வாரமாகிறது. ஒல்லி. நன்றாகவே வெட்டுகிறான், பின்கழுத்தில் மட்டும் அவசரப்படுகிறான். சொல்லவில்லை. நான் சுவரோர பெஞ்சில் ஊசியோடு உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு அடுத்தது நானா?" என்று கேட்டார்.

"நீங்க போங்க சார். எனக்கு அவசரம் இல்ல."

அவர் போனபின் ஒல்லி நாற்காலியைத் தட்டினான். "நீங்க உக்காருங்கண்ணே. முடி காதுல விழுது."

கண்ணாடியில் பார்த்தேன். விழுந்துதான் இருந்தது. மருந்துக்கு முன்பு கம்பியாக நின்ற முடி, இப்போது முளைத்தது சுருட்டை. இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. துணியைப் போர்த்தினான். என் கை இரண்டும் அதற்கடியில் போயின. அவன் விரல் தலையைக் கீழே அழுத்தியது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

"மெஷினா, கத்தரியாண்ணே?"

"கத்தரி" என்றேன்.