தம்பிக்குக் கொடுத்த மெக்னீசியம்

மார்ச் 4
கெண்டைக்காலில் சதை இழுப்பது நின்றுவிட்டது. டாக்டரம்மா சொன்னது சரிதான். வருஷக்கணக்கில் நெஞ்செரிச்சல் மாத்திரை போட்டதில் உடம்பில் மெக்னீசியம் குறைந்துபோச்சாம். அதற்கு ஒரு மாத்திரை, கூடவே கீரை, பயறு. இன்று முழுப் பிரார்த்தனையும் காலை மடக்கி உட்கார்ந்தே முடித்தேன். நடுவில் "ஐயோ" என்று கத்தவில்லை. ஆண்டவனுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 7
நல்லதைத் தனியாக வைத்துக்கொள்வது பாவம். தம்பிக்குச் சிறுநீரகம் சரியில்லை, ராத்திரியெல்லாம் புரள்கிறான். "சத்து மாத்திரைடா, கீரையில இருக்கறதுதான்" என்றேன். "நீ பேச்சை நிறுத்துவேன்னா எதை வேணாலும் முழுங்கறேன்க்கா" என்றான். ராத்திரிக்கு இரண்டாகக் கொடுக்க ஆரம்பித்தேன். அவன் பொண்டாட்டியிடம் சொல்லவில்லை. அவள் தும்மினாலும் டாக்டரைக் கேட்கிறவள்.

மார்ச் 12
தூங்குகிறான்.

மார்ச் 22
வீட்டில் சண்டையே இல்லை. தம்பி டிவி சத்தத்துக்குக் கத்துவதில்லை, குழம்பில் குறை சொல்வதில்லை. நான் இத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டது இதைத்தானே? "பகல்லயும் தூங்கறாரே அண்ணி" என்கிறாள். புருஷன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான் என்று கவலைப்படுகிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன். காலையிலும் ஒன்று சேர்த்தேன்.

மார்ச் 29
ஆஸ்பத்திரி. காலையில் டம்ளர் அவன் கையிலிருந்து நழுவியது. நாக்கு குழறியது. நாடி ரொம்ப மெதுவாம். "என்னென்ன மாத்திரை குடுக்கறீங்க?" என்றார் டாக்டர். அவள் மளமளவென்று ஒப்பித்தாள். "வேற எதாவது?" "இல்ல சார்."
எனக்கு வாயே வரலை. எப்பவும் மூடாத வாய்! சொன்னா இவ என்னை வீட்ல வச்சிருப்பாளா? என் வீட்டுக்காரர் போனப்புறம் தம்பி வீட்டை விட்டா எனக்கு எது போக்கிடம்? ஆண்டவா, நீயே சொல்லிடேன்னு நின்னேன். ஆண்டவன் சொல்லலை. நான்தான் சொன்னேன்.

மார்ச் 30
கால்சியம் ஊசி, அப்புறம் டயாலிசிஸ். பிழைத்துவிட்டான். டாக்டர் திட்டவே இல்லை. "அது கெட்டது இல்லம்மா. உங்களுக்கு மிச்சமானதைச் சிறுநீரகம் வெளிய தள்ளிடும். இவரோடது தள்ளாது, உள்ளயே சேரும். நீங்க சொல்லாம இருந்திருந்தா இதயமே நின்னுருக்கலாம்."
திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 2
அவள் என்னோடு பேசவில்லை. நானும் சுவரோடுதான் பேசுகிறேன்.

ஏப்ரல் 6
தம்பி வீட்டுக்கு வந்தான். அவளுக்கு லீவு முடிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே, "அவரை நீங்கதான் பாத்துக்கணும் அண்ணி. ஆனா எது குடுத்தாலும் எனக்குப் போன்ல சத்தமா சொல்லிட்டுக் குடுங்க" என்றாள்.
மத்தியானம் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.
"தண்ணி, அரை டம்ளர்."
"ம்."
"சோறு. உப்பு கம்மி."
"ம்."
"டாக்டர் எழுதின மாத்திரை."
"கலர்?"
"மஞ்சள்."
"குடுங்க."
"சோறு ஆறுது, ஒலிபரப்பை முடிக்கா" என்றான் தம்பி.
"என்ன சொல்றாரு அண்ணி?"
அதையும் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரித்த மாதிரி கேட்டது. மாதிரிதான்.