பிழை திருத்தும் மெமரி

மார்ச் 3
பழைய ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்கிறது. மகள் பேசக் கற்ற காலத்து வீடியோ எல்லாம் அதில் மட்டும்தான். இப்போது அவள் "ம்"முக்கு மேல் பேசுவதில்லை. ஆகவே அவை முக்கியம். எல்லாவற்றையும் சேமித்து வைக்க வீட்டிலேயே ஒரு சர்வர் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறேன்.

மார்ச் 9
மெமரியில் சாதா ஒன்று, தன் பிழையைத் தானே திருத்திக்கொள்வது ஒன்று. இரண்டாவதையே வாங்கினேன். இந்த வீட்டில் அப்படி ஒன்றாவது இருக்கட்டும் என்றேன். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மார்ச் 10
வாங்கி வைத்த மதர்போர்டில் அந்த மெமரி ஓடாதாம். மதர்போர்டை மாற்ற வேண்டும்.

மார்ச் 17
கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பியிடம் டிஸ்க் பற்றிக் கேட்டேன். ஓயாமல் ஓடுவதற்கென்றே செய்ததில் இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி வைக்கச் சொன்னான். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அக்கா, நீ அழிச்சா ரெண்டுலயும் அழிஞ்சிடும். தனியா ஒரு காப்பி எடுத்து வை."

நான் எதற்கு அழிக்கப் போகிறேன்? யாரிடம் வந்து பாடம் நடத்துகிறான்?

மார்ச் 24
சர்வர் ஓடுகிறது. எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பழைய டிஸ்கைத் தூக்கிப் போடச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். அறுந்த செருப்பைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத மனிதர். பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஏப்ரல் 2
எப்போதும் ஆடும் வாஷிங் மெஷின் கொஞ்ச நாளாக ஆடாமல் ஓடுகிறது. காரணம் கேட்கவில்லை. நல்லது நடந்தால் கிளறக் கூடாது.

ஏப்ரல் 11
சர்வரில் மகளின் ஃபோல்டர் இரண்டு இடத்தில் தெரிந்தது. இடத்தை அடைக்கிறதே என்று ஒன்றை அழித்தேன். இரண்டும் ஒன்றேதான் என்பது பிறகு தெரிந்தது. புது டிஸ்க் இரண்டும் சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டன.

ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் — அவ முதல்ல "அம்மா"ன்னு சொன்னது — எல்லாமா?

ஏப்ரல் 12
தம்பி வந்து வெகுநேரம் பார்த்தான். "அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரல் 13
அவரிடம் சொல்லி அழுதேன். எழுந்து போய் வாஷிங் மெஷினைச் சாய்த்தார். ஒரு காலுக்கடியில், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பழைய டிஸ்க்.

"கெட்டியா இருந்துச்சு. சரியான உயரம்," என்றார்.

தம்பி மாட்டினான். டிக் டிக். இவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 15
எல்லாம் கிடைத்துவிட்டது. மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். "நான் இவ்ளோ பேசுவேனாம்மா?" என்றாள். முழு வாக்கியம்.

வாஷிங் மெஷின் மறுபடி ஆடுகிறது. தனியாக ஒரு காப்பி எடுத்து, அதை அவரிடம் கொடுத்து, தூக்கிப் போடச் சொன்னேன்.