தண்ணீரில் மிதக்கும் கோள்

18.9.2006, திங்கள்
பேப்பரில் ஒரு புதுக் கோள். நம் சூரியனைப் போன்ற ஏதோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றுகிறதாம். வியாழனைவிடப் பெரிது, எடையில் பாதி. வெறும் வாயு. அதைப் போடும் அளவுக்குத் தொட்டி இருந்தால் தண்ணீரில் மிதக்குமாம்!

எட்டாம் வகுப்பில் மிதக்கவிட்டுக் காட்ட ஒரு பீங்கான் பந்து வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். பீங்கான் பொம்மை வார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு இதுகூட இல்லையென்றால் எப்படி?

"வார்த்துடலாம் பானு. ஆனா ஊசியால ஒரு ஓட்ட வுடணும். உள்ள காத்து அடைஞ்சா சூளையில வெடிச்சிரும். வெந்தப்புறம் மெழுகு வெச்சு அடைச்சுக்கலாம்."

21.9.2006
மூன்று மாதம்தான். வயிறு ஐந்து மாதம் போல. "ரெட்டப் புள்ளதான்" என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து வந்தது, சொல்லிக்கொள்ளட்டும்.

25.9.2006
ஸ்கேன். குழந்தை இல்லை.

இருந்து போகவில்லை — இல்லவே இல்லை. முத்துப்பிள்ளையாம். கருவே உருவாகாமல், திராட்சைக் கொத்து மாதிரி நீர்க்கொப்புளங்கள். அப்படியென்றால் இத்தனை நாள் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

27.9.2006
எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஏதும் வளர்கிறதா என்று பார்க்க, ஒரு வருடம் வரைகூட ரத்தப் பரிசோதனை. அவர்கள் சரி சொல்லும்வரை உண்டாகக் கூடாது. எனக்கு முப்பத்தாறு வயது.

28.9.2006
அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். "போயிட்டு வரேன்" — அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்லா இந்த மனுஷன்? எனக்கு மட்டுந்தான் போச்சா?

6.10.2006
அவரோடு வேலை செய்யும் மாயவன் ஓடி வந்தார்.

"சூளையில ஒரு பந்து வெடிச்சு, சுத்தி இருந்த பொம்மையெல்லாம் போச்சுக்கா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாளு அண்ணன் உங்களுக்காக வார்த்தது. ஓட்ட போட மறந்துட்டாரு. எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்ததே அவருதான்! அங்கியே குந்தி அழுவுறாரு. நீங்க வந்து கூப்புடுங்க."

போனேன். உடைந்த சில்லு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

8.8.2007
நேற்று டாக்டர், ரத்தம் சரியாகிவிட்டது, இனித் தடையில்லை, முயற்சி செய்யலாம் என்றார். பஸ்ஸில் வீடு வரும் வரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

இன்று பேப்பரில், போன வருடத்துக் கோளைவிட இலேசாக இன்னொரு கோள். அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"வார்க்கட்டுமா? இந்த வாட்டி மறக்காம ஓட்ட போடுறேன்."

"வேணாங்க."

"சரி" என்றார், உடனே. எது வேண்டாம் என்று கேட்கவில்லை.