உள்ளறை போன்

அச்சரப்பாக்கம்,
12.8.2003

என் கண்ணே,

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. கடைசிவரை அவர் உன்னைத் தேடவே இல்லையா என்று கேட்டிருந்தாய். டைப் அடிக்கக் கை வரவில்லை, அதனால்தான் காகிதம்.

நாம் சாட் செய்யும்போதெல்லாம் நெட் பாதியில் அறுந்துபோகும், நீ எரிந்து விழுவாயே? லைன்மேன் மூன்று முறை வந்தார். வயரை மாற்றினார், மோடத்தைக் குறை சொன்னார். கடைசியில், "உள்ள கீற போனை யாரோ தூக்கறாங்கம்மா. ரெண்டும் ஒரே லைன்தானே, அப்புறம் நெட்டு எப்டி நிக்கும்?" என்றார்.

மறுநாள் நீ சாட்டில் இருந்தபோதே எழுந்துபோய்ப் பார்த்தேன். உன் பெயரையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்ற மனுஷன், ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். "ஒரே இரைச்சலா கீது. அவ பேசறது கேக்கவே இல்லியே?" என்றார்.

நாம் எழுதித்தான் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டார். வீம்பு! அதன் பிறகும் தூக்கினார். லைன் சரியில்லை என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

நேற்று ஒரு மணி நேரம் நெட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட அறுபடவில்லை.

உன் அம்மா